சோர்ந்தவர் மீது கல்லெறியாதீர்!

அவிநாசிக்கு வடக்கே, நிலக்கடலை ஏலத்துக்கும் வாலீஸ்வரர் கோயிலுக்கும் பெயர்பெற்ற ஊர் சேவூர். தறிச் சத்தம் கேட்கும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் நாள்தோறும் பனியன் கம்பெனி வேன்களில் ஏறித் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறார்கள். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடியும் ‘ஒன்றரை ஷிப்டு’ வேலைக்குப் பின் அந்த வேன்கள் ஊர் திரும்பும் நேரத்தில் நாம் பலமுறை சாலையோரம் நின்றிருக்கிறோம். ஒரு காலத்தில் வேன் கண்ணில் படுமுன்னே அதிலிருந்து பேச்சும் சிரிப்பும் காதில் விழும். மறுநாள் குழம்பிலிருந்து மாமியார் கொடுமை வரை அக்காளும் தங்கையுமாகப் பேசித் தீர்ப்பார்கள். இன்று வேன் அமைதியாக வருகிறது. இருட்டுக்குள் இருபது முகங்கள். ஒவ்வொரு முகத்தின்மேலும் ஒரு சிறு வெளிச்சம். கட்டைவிரல் மட்டும் அசைகிறது. அம்முகங்களில் மகிழ்ச்சி இருந்திருந்தால் நாம் இதை எழுதப் புகுந்திருக்க மாட்டோம். அங்கே தெரிவது சோர்வு.

கடந்த தவக்காலத்தின் தொடக்கத்தில் நாம் ஒரு மறையுரை ஆற்றினோம். நாற்பது நாளும் சமூக ஊடகங்களைத் தொடாமல் நோன்பிருங்கள் என்று கேட்டுக்கொண்டோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனத்தை அடக்க வலுவற்றவர்களே இதற்கு அடிமையாகிறார்கள், இது கருவியின் குற்றமன்று, அவரவர் குணத்தின் குற்றம் என்றும் சேர்த்துச் சொன்னோம். பெற்றோர் தலையசைத்தார்கள், பக்கத்தில் இருந்த பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல மறையுரை என்று சிலர் பாராட்டவும் செய்தார்கள்.

திருப்பலி முடிந்ததும், செக்கிங் பிரிவில் வேலை செய்யும் இளம்பெண் ஒருத்தி நம்மிடம் வந்தாள். “ஃபாதர், நாளைக்கு எத்தனை மணிக்கு ஷிப்டுன்னு சூப்பர்வைசர் கம்பெனி குரூப்புலதானுங்க போடுவாரு. தம்பி ஸ்கூலுக்கு ஒரு குரூப்புங்க. சீட்டுக்கு ஒண்ணுங்க. அன்பியம் யாரு ஊட்லன்னு கோயில் குரூப்புலதானுங்க வருது. பாக்கறதுக்குப் புடிக்கறதில்லீங்க, பாக்காம இருக்கவும் முடியறதில்லீங்க. எதைங்க உடறது? கோயில் குரூப்பையும் உட்டறட்டுங்களா?”

நம்மிடம் பதில் இல்லை. “செபம் பண்ணும்மா” என்று சொல்லிவிட்டு உடைமாற்றும் அறைக்குள் போய்விட்டோம். அன்று முதல் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. இப்போது நம் மறையுரைக்கு நாமே மறுப்பு எழுதுகிறோம். களைத்துப் போனவரிடம் அவருடைய குணத்தைக் காரணம் காட்டுவது முழு உண்மையன்று, அறமுமன்று, கிறித்தவமுமன்று. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காட்ட விழைகிறோம்.

பஞ்சுத் தூசும் இருமலும்

அப்பெண் ஒரே மூச்சில் சொன்னதை அறிஞர்கள் ‘சமூக ஊடகச் சோர்வு’ என்று பெயரிட்டு ஆராய்ந்து வருகிறார்கள். அளவுக்கு மீறிய செய்திகள், அளவுக்கு மீறிய தொடர்புகள், எல்லாவற்றுக்கும் உடனே மறுமொழி சொல்லவேண்டிய கட்டாயம் ஆகியவற்றால் மனம் சலித்துப் போவதும், சலித்த பின்னும் விலக முடியாமல் தவிப்பதுமே அது. இந்தியப் பள்ளிப் பருவத்தினரிடையே நடத்தப்பட்டு 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதன் படிகளை வரிசைப்படுத்திக் காட்டியது. பிறர் அறிந்ததை நாம் அறியாமல் போய்விடுவோமோ என்ற அச்சம் ஓயாத பயன்பாட்டுக்கு இட்டுச் செல்கிறது. அப்பயன்பாடு சோர்வைத் தருகிறது. சோர்வு மனப்பதற்றத்தையும் மனத்தளர்ச்சியையும் கூட்டுகிறது.

இதில் குணத்துக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. உளவியலார் மனிதரின் ஆளுமையை ஐந்து இயல்புகளாகப் பகுத்துப் பார்ப்பதுண்டு. அவற்றுள் எளிதில் கலங்கும் இயல்பு மிக்கவர்களே இணையத்தில் கட்டுப்பாடிழக்கவும் அதனால் வாடவும் அதிக வாய்ப்புள்ளவர்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இதைக் கேட்டதும், “பார்த்தீர்களா, குணந்தான் காரணம்” என்று எழுந்து நிற்பவர்கள் உண்டு. அவர்களிடம் ஒன்று கேட்கிறோம்.

நம் பகுதியின் நூற்பாலைகளை நீங்கள் அறிவீர்கள். பஞ்சைப் பிரித்துக் கோதும் பிரிவுகளில் நுண்ணிய தூசு பறக்கும். ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தவர்களுக்கு நெஞ்சு இறுகும்; இருமல் வரும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் அந்த இறுக்கம் கூடுதலாக இருக்கும் என்பது மருத்துவர் அறிந்த அடையாளம். எல்லாருக்கும் அது ஒரே அளவில் வருவதில்லை. புகைபிடிப்பவருக்கும் ஏற்கெனவே நெஞ்சு நலிந்தவருக்கும் கடுமையாக வரும். அதனால் நோய்க்குக் காரணம் நெஞ்சுதான், தூசு அன்று என்று எந்த மருத்துவராவது சொன்னாரா? ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையில் பஞ்சுத் தூசால் வரும் நுரையீரல் நோய் தொழில்சார் நோயாகவே இடம்பெற்றிருந்தது. நெஞ்சு நலிந்தவர் இருக்கிறார் என்றால் அவரை முதலில் காக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அவரைத் திட்டவேண்டும் என்பதன்று. கலங்கும் இயல்புள்ள பெண்பிள்ளை கைப்பேசியால் வாடுகிறாள் என்றால், அவள் குணத்தை இகழ்வதற்கு முன் அவள் சுவாசிக்கும் காற்றைப் பார்க்க வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. பிறர் அறிந்ததைத் தாம் இழந்துவிடுவோமோ என்னும் அச்சத்தை அளந்து 2013இல் வெளிவந்த ஆய்வொன்று, அவ்வச்சம் யாரிடம் மிகுதி என்றும் தேடியது. தம் வாழ்வில் தாமே முடிவெடுக்கும் உரிமையும், தம் திறமைக்கு மதிப்பும், மனிதரோடு உறவும் எவருக்குக் குறைவோ அவரிடமே அது மிகுதி என்று கண்டது. பன்னிரண்டு மணி நேரம் பிறர் வைத்த நேரத்தில், பிறர் வைத்த அளவில், வாய்பேச இடமின்றித் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஒருத்திக்கு இம்மூன்றும் எவ்வளவு கிடைக்கும்? அவளைக் கைப்பேசியிடம் அனுப்புவது அவளுடைய பசி. பசித்தவளிடம் போய் நீ ஏன் இத்தனை ஆசைப்படுகிறாய் என்று கேட்டோம் நாம்.

கச்சாப்பொருளாகும் குணம்

குணத்தைக் குற்றம் சொல்வது அறமன்று என்று ஏன் சொல்கிறோம்? இத்தொழிலை நடத்துபவர்கள் அந்தக் குணத்தையே அறிந்து, அளந்து, விற்கிறார்கள் என்பதால்தான்.

பக்கம் முடிந்தால் படிப்பவர் நிறுத்துவார். முடியாத பக்கத்தை 2006இல் வடிவமைத்தார் ஆசா ராஸ்கின் என்னும் அமெரிக்கர். பின்னாளில் அதற்காக வருந்துவதாக அவரே சொன்னார். 2009இல் முகநூலில் விருப்பக்குறி வந்தது. முகநூல் நிறுவனத்தின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர், மனித மனத்தின் பலவீனம் ஒன்றைப் பயன்படுத்தி அவர்தம் நேரத்தையும் கவனத்தையும் இயன்றவரை விழுங்கவே அதை அமைத்தோம், அறிந்தே செய்தோம் என்று 2017இல் பொதுமேடையில் ஒப்புக்கொண்டார். 2021இல் அந்நிறுவனத்தின் உள்ஆவணங்களை வெளிக்கொணர்ந்தார் பிரான்சஸ் ஹாகன் என்ற பெண்மணி. தம் உடலமைப்பைக் குறித்து வருந்தும் வளரிளம் பெண்களுள் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அவ்வருத்தத்தை இன்னும் மோசமாக்குகிறது என்று சொன்னது அந்நிறுவனத்தின் சொந்த ஆய்விலேயே இருந்தது.

2015இல் கேம்பிரிட்ஜ், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வைக் குடும்பத் தலைவர்கள் கவனிக்க வேண்டும். ஒருவர் முகநூலில் இட்ட விருப்பக்குறிகளை மட்டும் வைத்து அவரது ஆளுமையைக் கணினி கணித்தது. பத்துக் குறிகள் கிடைத்தால் உடன் வேலை செய்பவரைவிடச் சரியாகக் கணித்தது. எழுபது கிடைத்தால் நண்பரைவிட. நூற்றைம்பது கிடைத்தால் பெற்றோர், உடன்பிறந்தோரைவிட. முந்நூறு கிடைத்தால் வாழ்க்கைத் துணையைவிட. ஏறத்தாழ 8 கோடியே 70 இலட்சம் பேரின் முகநூல் விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்கு முறைகேடாகப் போயின என்று 2018இல் உலகம் அறிந்தது.

தாயைவிட நன்றாக உன் மகளின் கலங்கும் குணத்தை ஓர் இயந்திரம் அறிந்திருக்கிறது. எந்தப் படத்தைக் காட்டினால் அவள் கண் அகலாது என்பதும், எந்த நேரத்தில் அவள் தனித்திருப்பாள் என்பதும் அதற்குத் தெரியும். நமக்கு நூல் எப்படியோ அவர்களுக்கு நம் குணம் அப்படி. அது அவர்களுடைய கச்சாப்பொருள். பீஸ் ரேட்டில் தைப்பவருக்குத் தைத்த உருப்படிக்காவது கூலி உண்டு. இங்கே இரவு பதினொரு மணி வரை கட்டைவிரலால் உழைப்பவளுக்குக் கூலி இல்லை. விளம்பரக் காசு முதலாளிக்கு. பொருளும் எடுத்துக்கொண்டு, உழைப்பும் எடுத்துக்கொண்டு, இறுதியில் பழியையும் உழைத்தவள் தலையில் போடுவதற்குப் பீடத்திலிருந்து நாமே துணைபோகிறோம். இது எந்த ஊர் நியாயம்?

2023 மார்ச்சு மாதம்

“மன உறுதி உள்ளவனை இதெல்லாம் ஒன்றும் செய்யாது” என்று இன்னும் சொல்பவர்களுக்கு, நம் கண்முன் திருப்பூரில் நடந்ததை நினைவூட்டுகிறோம். 2023 மார்ச்சுத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்ற காணொளிகள் கைப்பேசிகளில் பரவின. அவை பொய் என்று அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திரபாபு விளக்கினார்: ஒன்று பீகார்த் தொழிலாளர் இரு பிரிவினர் தமக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூரார் இருவருக்கிடையே நடந்தது. ஆனால் விளக்கம் வருமுன் அச்சம் வந்துவிட்டது. ஊரிலிருந்து தாயும் மனைவியும் அழைத்து அழுதார்கள். பலர் மூட்டை கட்டினார்கள்.

இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மொழி தெரியாத ஊருக்கு வந்து, அறைக்கு எட்டுப் பேராகத் தங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்பும் மனிதர் மன உறுதியற்றவரா? அவரைவிட உறுதி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? அவரும் கலங்கினார். ஓயாமல் வந்து விழும் காட்சிகளின் முன் எந்த நெஞ்சும் கலங்கும். அக்கலக்கம் தணிந்ததும் இன்னொரு காணொளியால் மட்டும் அன்று. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் திருப்பூருக்கே வந்து தொழிலாளரை நேரில் கண்டு பேசினார்கள். தமிழக அதிகாரிகளும் தொழிலாளரிடையே சென்றார்கள். முகம் பார்த்து ஒருவர் பேசினால் அச்சம் தணிகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பாலைநிலத் துறவியர் அறிந்த நோய்

இனி மூன்றாவதற்கு வருவோம். இச்சோர்வு திருச்சபைக்குப் புதிதன்று. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ், துறவியைத் தாக்கும் எட்டுத் தீய எண்ணங்களை எழுதி வைத்தார். அவற்றுள் மிகக் கொடியது ‘அக்கேடியா’ என்றார். திருப்பாடல் 91 கூறும் நண்பகற் கேட்டோடு அதைச் சேர்த்துப் பேசினார். அதன் பிடியில் சிக்கிய துறவிக்குக் கதிரவன் நகர்வதே தெரியாது; பகல் ஐம்பது மணி நேரமாக நீளும். அவர் அடிக்கடி சன்னலை எட்டிப் பார்ப்பார். யாராவது சகோதரர் வருகிறாரா என்று வெளியே வந்து நாற்புறமும் நோக்குவார். இருக்கும் இடம் வெறுக்கும். அன்பு எங்கும் வற்றிப்போனதாகத் தோன்றும். அன்று சன்னல், இன்று கைப்பேசி. புனித அகுஸ்தினாரும் தம் வாழ்வை அறிக்கையிடும் நூலின் பத்தாம் பகுதியில், பல்லி ஈ பிடிப்பதையும் சிலந்தி வலையில் பூச்சி சிக்குவதையும் வாய்பிளந்து பார்த்துத் தம் செபம் சிதறுவதை ஒளிக்காமல் சொல்கிறார். ஆயராக இருந்தவருக்கே பல்லி போதுமானதாக இருந்தது!

“பழைய ஞானோபதேசத்தில் காய்மகாரமும் சோம்பலும் தலையான பாவங்கள் என்றுதானே படித்தோம்? பாவத்தைப் பாவம் என்று சொல்லக் கூடாதா?” என்று பெரியவர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதே. அக்கேடியாதான் காலப்போக்கில் ‘சோம்பல்’ என்று சுருங்கியது. ஆனால் புனித தோமா அக்குவினாஸ் அதை வேலை செய்யாதிருத்தல் என்று கருதவில்லை. இறைவன் தரும் நன்மையைக் குறித்தே துயரப்படும் மனநிலை என்றார். பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவளைச் சோம்பேறி என்பது அவர் சொன்னதற்கும் பொருந்தாது. மனம் இசைந்து அதிலேயே உழல்வது பாவமாகலாம். ஒப்புரவு அருளடையாளத்தில் அதற்கு இடமுண்டு. எவாக்ரியுஸோ அதை முதலில் ஒரு தாக்குதல் என்றே கண்டார். தாக்குண்டவருக்கு அவர் மருந்து சொன்னார்: இருக்கும் இடத்தில் நிலைத்திரு, கண்ணீரோடு செபி, அளவோடு வேலை செய், பொறுமையாயிரு.

அவருக்கும் முன்னோடி எலியா. முதல் அரசர் நூலின் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இறைவாக்கினர் களைத்து, சூரைச்செடியின் அடியில் விழுந்து, சாவைக் கேட்கிறார். ஆண்டவர் வானதூதரை அனுப்புகிறார். வானதூதர் மறையுரை ஆற்றவில்லை. உன் மன உறுதி எங்கே என்று கேட்கவில்லை. சுட்ட அப்பமும் குவளைத் தண்ணீரும் வைத்து எழுப்புகிறார். உண்டு மீண்டும் படுத்தவரை விட்டுவிட்டு, இரண்டாம் முறையும் வந்து உணவு தருகிறார். மலையும் மெல்லிய ஒலியும் அதற்குப் பிறகே. ஓய்வும் அப்பமும் முதலில்; உபதேசம் பின்பு. இந்த வரிசையை நாம் தலைகீழாக்கினோம். அதனாற்றான் கிறித்தவமன்று என்றோம்.

நம் வீட்டுத் தூசு

பிறரைக் குற்றஞ்சாட்டிவிட்டு நாம் தப்பிவிட முடியாது. 2020இல் பெருந்தொற்றால் ஆலயங்கள் மூடப்பட்டபோது கைப்பேசித் திருப்பலி நமக்குக் கைகொடுத்தது, நன்றியோடு ஏற்கிறோம். ஆனால் கதவுகள் திறந்த பின் நாம் என்ன செய்தோம்? பங்குக் குழு, அன்பியக் குழு, இளையோர் குழு, பாடகர் குழு, பீடச் சிறார் பெற்றோர் குழு! விடியுமுன் பூப்படத்தோடு காலை வணக்கம். அதற்கு நாற்பது கூப்பிய கைகள். தேர்பவனி முடிந்து வீடு திரும்புமுன் காணொளி. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று குருக்களாகிய நாமே எண்ணிப் பார்க்கிறோம். திருவிழாப் படத்தில் தன் குடும்பம் விடுபட்டதென்று கோயிலுக்கு வராமல் நின்றவர்கள் உண்டு. தவக்காலத்தில் கைப்பேசி நோன்பு என்று நாம் அறிவித்ததும் குழுவில்தான்!

கருவியைச் சாத்தான் என்று சொல்ல நாம் வரவில்லை. 2025 செப்டம்பர் 7ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குதிஸ், நற்கருணைப் புதுமைகளை இணையத்தில் தொகுத்த சிறுவர். கணினி விளையாட்டுக்கோ வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று எல்லை வகுத்துக்கொண்டவர். சமூக ஊடகங்களைக் குறித்து வத்திக்கானின் சமூகத் தொடர்புத் துறை 2023 மே மாதம் வெளியிட்ட சிந்தனை ஏடும் அவற்றைத் துறக்கச் சொல்லவில்லை. நல்ல சமாரியர் உவமையை எடுத்துவைத்து, அங்கே நாம் யாருக்கு அயலார் என்று வினவுகிறது. அவ்வுவமையில் அடிபட்டுக் கிடந்தவரைப் பார்த்தும் விலகிப் போனவர்களுள் முதல்வர் ஒரு குரு என்பதை நாம் மறக்கலாகாது.

எனவே பங்குப் பேரவைகள் முன் சிலவற்றை வைக்கிறோம். கோயில் குழு ஒன்றே போதும்; அதில் நாளுக்கு ஓர் அறிவிப்பு மட்டும் வரட்டும். இரவு எட்டரைக்குப் பின்னும் ஞாயிறன்றும் அதுவும் வேண்டாம். இறப்புச் செய்தியைக் கோயில் மணியும் சொல்லட்டும். அன்பியக் கூட்டத்துக்கு வீடு வீடாகச் சென்று அழைக்கட்டும். நம் மக்களுள் கம்பெனி நடத்துபவர்களும் சூப்பர்வைசர்களும் இருக்கிறீர்கள்: மறுநாள் ஷிப்டை இன்று வேன் புறப்படுமுன் வாயால் சொல்லி அனுப்புங்கள், நள்ளிரவில் எழுதாதீர்கள். ஞாயிறு விடுமுறையை விடுமுறையாகவே விடுங்கள். பெற்றோரே, பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்குமுன் உங்கள் கைப்பேசியை அணைத்துவிட்டு அரைமணி நேரம் வாசலில் உட்காருங்கள். பேச்சு தானாக வரும். ஒப்புரவு அருளடையாளத்தில் அமரும் உடன்குருக்களே, இச்சோர்வை அறிக்கையிட்டு வருபவரிடம், எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று கேட்குமுன், எவ்வளவு நேரம் தூங்கினாய், யாரோடு பேசினாய் என்று கேளுங்கள்.

உண்பதற்கும் நேரமின்றி வந்து நின்ற சீடர்களை இயேசு கண்டிக்கவில்லை. தனிமையான இடத்துக்கு அழைத்துச் சென்று இளைப்பாறச் சொன்னார். அழைத்துச் செல்லுதல் என்பதில் அவரும் கூடவே சென்றார் என்பது அடங்கியிருக்கிறது.

தவக்காலத்தில் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் சொல்ல இயலுகிறது. உடைமாற்றும் அறைக்குள் மறைந்துகொண்ட குருவை மன்னித்துவிடு, மகளே. கோயில் குழு உனக்குப் பாரமாக இருந்தால் அதையும் விட்டுவிடு. உன் பெயர் நம் பங்குக் குடும்பப் பதிவேட்டில் இருக்கிறது, அது போதும். அன்பியம் யார் வீட்டில் என்பதைச் சொல்ல யாரேனும் உன் வீட்டுக்கு வருவார்கள். யாரும் வராவிட்டால், வேன் வந்து நிற்கும் நேரம் நமக்குத் தெரியும்; நாமே வந்து சொல்கிறோம்.